கோரியும் பிரிஸ்டல்நோஸும்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் வீட்டுத் தொட்டியில் அலங்காரக் கெளுத்தி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஒன்று, கோரி என்று சுருக்கமாகக் கூப்பிடும் கோரிடோராஸ். இன்னொன்று, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் பிரிஸ்டல்நோஸ். இரண்டும் தரையோடு வாழ்கிற மீன்கள். கழிவு படிவது அங்கேதான், மிச்சத் தீனி அழுகுவது அங்கேதான், காற்றோட்டம் முதலில் குறைவதும் அங்கேதான். ஆகவே கீழே வரும் எந்த அறிகுறியானாலும் மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன்னால் தண்ணீரையும் அடித்தரையையும் பாருங்கள். பத்தில் எட்டுப் பிழை அங்கேயே பிடிபட்டுவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு தெர்மாமீட்டர், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சோதனைத் திரவம், குளோரின் பார்க்க நீச்சல் குளத்துக்கு விற்கும் சொட்டு மருந்து, 20 லிட்டர் வாளி இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலேயே ஊறவிட்ட ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று கூடுதலாக.

## வாங்கி வந்த 3 நாளுக்குள் சாகிறது

### பையிலேயே செத்திருக்கிறது, தண்ணீர் கலங்கி நுரைத்திருக்கிறது

கோரி மிரண்டால் உடம்பிலிருந்து ஒரு நஞ்சைக் கக்கும். பெரிய தொட்டியில் அது கரைந்து போகும். அரை லிட்டர் பைக்குள் அதே நஞ்சு மொத்தக் கூட்டத்தையும் கொல்லும். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுக் காத்திருக்காதீர்கள். உயிரோடு இருப்பவற்றைக் கையாலோ குவளையாலோ எடுத்து, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீர் உள்ள வாளியில் விட்டு, ஏர் ஸ்டோனை (காற்றுக் குமிழி விடும் கல்) முழு வேகத்தில் வையுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

அடுத்த முறை கடையிலேயே தடுக்கலாம். பிடித்த மீனை 15 நிமிடம் ஒரு வாளியில் விட்டு, பிறகு புதுத் தண்ணீரில் பை கட்டச் சொல்லுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. கெளுத்தி முள் பையைக் கிழிக்கும் என்பதால் இரட்டைப் பை போட்டு, அடி மூலைகளை டேப்பால் ஒட்ட வேண்டும். வலையில் முள் மாட்டிக்கொண்டால் மீனை இழுக்காதீர்கள், வலையை வெட்டுங்கள். முள் குத்தினால் நமக்கும் கடுக்கும்.

### பை தெளிவாக இருந்தது, வீட்டில் விட்ட பிறகு சாகிறது

எளிதானதிலிருந்து பார்த்துக்கொண்டே போங்கள்.

வெயில்: ஈப்போவில் வாங்கி மோட்டார் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டி வந்தாலே பைத் தண்ணீர் கொதிநிலைக்குப் போன மாதிரி ஆகிவிடும். பாசாரில் மீன் விற்பவர்கள் போடும் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குளோரின்: தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திரும்ப வரும் முதல் நாளில் துருவும் வரும், குளோரின் வாடையும் தூக்கலாக இருக்கும். சொட்டு மருந்தில் தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. ஆன்டி குளோரினைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி போடுங்கள், அல்லது ஏர் ஸ்டோனோடு ஒரு நாள் முழுக்க வாளியில் விடுங்கள். ஒரு நாள் கழித்தும் மஞ்சள் போகவில்லை என்றால் அது குளோரமின். அது காற்றில் போகாது, மருந்து போட்டே ஆக வேண்டும்.

பழக்கிய விதம்: அரை மணிப் பயணம் என்றால் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, 5 நிமிடத்துக்கு ஒரு குவளையாக 4 முறை தொட்டித் தண்ணீர் சேர்த்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். நாள் முழுக்கப் பையில் பயணம் செய்து வந்த மீனுக்கு இதே முறை ஆகாது. பையைத் திறந்ததும் உள்ளே அடைந்திருந்த கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறி, பையில் சேர்ந்த அம்மோனியா நஞ்சாக மாறும். சூட்டைச் சமப்படுத்தி உடனே மாற்றிவிடுங்கள்.

புதுத் தொட்டி: அம்மோனியா 0.25 பி.பி.எம்.முக்கு மேல் இருந்தால் காரணம் இதுதான். தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், பழைய தொட்டி ஒன்றின் ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கொண்டு வந்து ஓட்டுங்கள். வெறும் தொட்டி தானாகப் பழுக்க, அதாவது கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளர, நம் சூட்டில் 3 முதல் 5 வாரம் பிடிக்கும்.

### இதெல்லாம் சரி, இருந்தும் சாகிறது

மீனே கோளாறாக வந்திருக்கிறது. வயிறு உள்ளே ஒட்டி, கண் குழிந்த கோரி பல நாள் பட்டினி கிடந்தது. அது தேறுவது அரிது. கடையில் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். போட்டவுடன் மீசையைத் தரையில் தேய்த்துக்கொண்டு வருகிற மீனை மட்டும் எடுங்கள். இறக்கி ஒரு வாரம் ஆகாத சரக்கை வாங்காதீர்கள். ஊசியால் சாயம் ஏற்றிய வெள்ளைக் கோரியைக் கண்டால் அந்தக் கடையையே விட்டுவிடலாம்.

வகையும் முக்கியம். பாண்டா, பெப்பர்ட் இரண்டும் குளிர்ந்த தண்ணீர் மீன்கள். தகரக் கூரை வீட்டில் 30 டிகிரித் தண்ணீரில் அவை ஆண்டு முழுக்க நோயாளியாகவே இருக்கும். நம் சமவெளிக்கு ஸ்டெர்பாய் முதல் தேர்வு, 28 டிகிரியிலும் சுகமாக இருக்கும். அடுத்தது ப்ரான்ஸ் (வெண்கல நிறக்) கோரியும் அதன் வெள்ளை வகையும். 2024-இல் கோரிடோராஸ் பேரினத்தைப் பலவாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் ஸ்டெர்பாயை ஹோப்லிசோமா என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், மீன் அதேதான்.

இனப்பெருக்கத்துக்கு வாங்குவதென்றால் உங்கள் ஊரிலோ பக்கத்துத் தாமானிலோ (குடியிருப்பிலோ) வீட்டில் குஞ்சு எடுப்பவரிடம் வாங்குவது எல்லாவற்றிலும் மேல். அந்த மீன் உங்கள் குழாய்த் தண்ணீரிலேயே பிறந்தது. பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. 3 செ.மீ. குஞ்சாக 8 வாங்கினால் ஆண் பெண் இரண்டும் கிடைக்கும்.

எங்கிருந்து வந்தாலும் தனித்தொட்டியில் 3 முதல் 4 வாரம் வையுங்கள். அங்கேயே ஒவ்வொன்றாகப் புண் வந்து சாகிறது என்றால் நிறுத்துங்கள், வேறு மீன் வாங்காதீர்கள். சாகும் தறுவாயில் உள்ள மீனையோ, செத்துச் சில மணி நேரமே ஆன மீனைப் பனிக்கட்டியில் வைத்தோ (உறைய வைக்காமல்) மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுச் சோதனைக்கு அனுப்புங்கள்.

## மேலே வந்து வாய் பிளக்கிறது

கோரி சில நிமிடத்துக்கு ஒரு முறை விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்று இழுத்துவிட்டுக் கீழே திரும்பினால் அது நோயல்ல. அது குடலாலும் மூச்சு விடும் மீன். திரும்பத் திரும்பப் போனாலோ, மேலேயே தொங்கினாலோ, பிரிஸ்டல்நோஸ் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு செவுளை வேகமாக அடித்தாலோதான் கோளாறு.

தெர்மாமீட்டர் 30-க்கு மேல் காட்டுகிறதா? சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஏர் ஸ்டோன் ஒன்று கூட்டுங்கள். மூடியை எடுத்து வலை போட்டு, மேசை விசிறியைத் தண்ணீர் மேற்பரப்பில் படும்படி சாய்த்து வையுங்கள், 2 முதல் 3 டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீரைத் தினமும் நிரப்ப வேண்டும். ஐஸ் பாட்டில் போடுகிறவர்கள் கணக்குத் தெரிந்து போடுங்கள்: 100 லிட்டர்த் தொட்டியில் அரை லிட்டர் ஐஸ் பாட்டில் அரை டிகிரிதான் இறக்கும், ஒன்றரை லிட்டர்ப் பாட்டில் ஒன்றரை டிகிரி. அதுவும் உருகியதும் சூடு திரும்பிவிடும். ஆகவே விசிறிதான் தீர்வு, ஐஸ் அவசரத்துக்கு. சில்லர் வாங்குவது கடைசி வழி. ஸ்டெர்பாய்க்கும் பிரிஸ்டல்நோஸுக்கும் அது தேவைப்படாது.

சூடு சரி என்றால் அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள். ஏதாவது இருந்தால் பாதித் தண்ணீர் மாற்றி, ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள். இரண்டும் பூஜ்ஜியம் என்றால் மணலைக் கிளறிப் பாருங்கள். கறுப்பாகி அழுகிய முட்டை வாடை அடித்தால் அதுதான் காரணம். கால்வாசித் தரையை மட்டும் ஒரு நாளைக்கு உறிஞ்சி எடுங்கள். ஒரே நாளில் முழுத் தரையையும் கிளறினால் இன்னும் மோசமாகும்.

மின்சாரம் போய் வந்த பிறகா? வெளிப்புறக் கேனிஸ்டர் ஃபில்டர் 4 மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் உள்ளே இருந்த தண்ணீரைக் கொட்டி, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் திரும்ப ஓட்ட வேண்டும்.

## தொட்டியில் கை விட்டால் சுருக்கென்கிறது

மெயின் சுவிட்சை அணையுங்கள். அதன் பிறகுதான் கையை விடலாம். ஹீட்டர், தண்ணீருக்குள் இருக்கும் பம்ப் இரண்டையும் தூக்கி எறியுங்கள், பழுது பார்க்க வேண்டாம். மாற்றிய பிறகும் சுருக்கென்றால், அல்லது வீட்டு டிரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால், வயர்மேனைக் கூப்பிடுங்கள். பழைய லயத்து வீடுகளில் எர்த் இல்லாமலே இருப்பது உண்டு.

## திடீரென்று எல்லாம் துடித்துச் சுழல்கிறது

நேற்று நன்றாக இருந்தது, இன்று மல்லாந்து கிடந்து துடிக்கிறது, உடம்பில் ஒரு குறியும் இல்லை என்றால் பூச்சி மருந்தை நினையுங்கள். டெங்கிக்கு வீட்டுக்கு வீடு புகை அடித்தார்களா? அறையில் கொசு ஸ்பிரே அடித்தார்களா? கொசுச் சுருள் ஏர் பம்புக்குப் பக்கத்தில் இருந்ததா? ஏர் பம்ப் தன்னைச் சுற்றியுள்ள காற்றை அப்படியே உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். இந்த வகை மருந்துகள் மனிதருக்குத் தாங்கும், மீனுக்குத் தாங்காது.

உடனே செய்ய வேண்டியது: ஏர் பம்பை அறைக்கு வெளியே நல்ல காற்றில் வைத்து நீண்ட குழாயால் இணையுங்கள். பாதித் தண்ணீர் மாற்றுங்கள், 4 மணி நேரம் கழித்து இன்னொரு முறை. ஃபில்டரில் புதுக் கரி போடுங்கள். புகை அடிக்கப் போவது முன்பே தெரிந்தால் தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் முழுக்க மூடி, ஓரத்தை ஈரத்துணியால் அடைத்து, பம்பை நிறுத்துங்கள். புகை முழுக்கக் கலைந்த பிறகு திறந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் காற்றில்லாமல் சமாளிக்கும்.

புகையும் இல்லை, ஸ்பிரேயும் இல்லை என்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது, உணவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். செம்பனைக் கன்றுகளுக்குக் காண்டாமிருக வண்டுக்காக அடிக்கும் மருந்துகளில் மீனுக்குக் கொடிய நஞ்சானவை உண்டு. தோட்டத்து ஓடையிலிருந்து எடுத்த தண்ணீர், அங்கே அள்ளிய புழு, அங்கே பறித்த நீர்ச்செடி மூன்றையும் தொட்டிக்குக் கொண்டு வராதீர்கள். ஒரே தெருவில் பல வீட்டில் குழாய்த் தண்ணீர் மாற்றியதும் மீன் செத்தால் மட்டும் நீர் வாரியத்துக்குப் புகார் கொடுங்கள். தேதியும் நேரமும் எழுதி, ஒரு புட்டி தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

## கோரியின் மீசை தேய்ந்து குட்டையாகிறது

கூரான கல்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மணலை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கீறினால் மாற்றுங்கள். கீறவில்லை, ஆனால் மீசை தேய்கிறது என்றால் அழுக்குத் தரைதான். கழிவு படிந்த மென்மையான மணலில்கூட மீசை அழுகும். மணல் 2 முதல் 3 செ.மீ. போதும். வாரம் ஒரு முறை விரலால் கிளறி, மேலே எழும் தூசியை உறிஞ்சுங்கள்.

ஈப்போ வட்டாரத்துச் சுண்ணாம்புக் குன்றுகளின் கல்லும் பளிங்குச் சில்லும் அழகாக இருக்கிறது என்று தரையில் போடுகிறார்கள். ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு, தண்ணீரின் கடினத்தையும் பி.எச்.சையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் குன்றுகளுக்குப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் பிடிப்பவர்களுக்கும் இதே சிக்கல். பின்னால் முட்டை பொரிக்காமல் போவதற்கு இது நேரடிக் காரணம்.

தரை சுத்தமாக இருந்தால் மீசை மெல்ல வளரும். வேர் வரை போயிருந்தால் வளராது, ஆனாலும் மீன் பிழைக்கும். புழுவை ஒரே இடத்தில் கொட்டிக் கொடுங்கள்.

## உடம்பில் புள்ளி, சிவப்பு

உப்புத் தூள் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி: புள்ளி நோய். தண்ணீரை 30 டிகிரியில் 10 நாள் நிறுத்தி, ஏர் ஸ்டோனைக் கூட்டி, 2 நாளுக்கு ஒரு முறை தரையை உறிஞ்சுங்கள். மருந்து போடுவதானால் புட்டியில் உள்ள அளவில் பாதியில் தொடங்குங்கள், கரியை எடுத்துவிடுங்கள். கெளுத்திக்குச் செதில் கிடையாது, செம்பு கலந்த மருந்தைத் தாங்காது. தொட்டியில் உப்பை அள்ளிப் போடுவதும் வேண்டாம்.

வயிற்றுப் பக்கம் சிவப்புத் திட்டு: பெரும்பாலும் அழுக்குத் தரையும் அம்மோனியாவும். பாதித் தண்ணீர் 3 நாள் தொடர்ந்து மாற்றுங்கள். திட்டு பரவினால், புண்ணாகத் திறந்தால், மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மீந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். அளவு தெரியாமல் போட்டால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவும் சாகும், மீனும் போகும்.

## கோரி முட்டையிடவே மாட்டேன் என்கிறது

முதலில் மீனை மேலிருந்து பாருங்கள். பெண்ணின் நடுவுடம்பு அகன்று உருண்டிருக்கும், ஆண் ஒல்லியாக நீண்டிருக்கும். ஒரு பெண்ணுக்கு 2 ஆண் என்ற கணக்கில் குறைந்தது 6 மீன் வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்தவை என்றால் பொறுத்திருங்கள், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

அடுத்தது தீனி. காய்ந்த தீனி மட்டும் தின்ற பெண்ணுக்கு முட்டை கட்டாது. 2 வாரம் தினமும் இரு வேளை உறைந்த இரத்தப் புழுவோ கழுவிய டியூபிஃபெக்ஸ் புழுவோ கொடுங்கள். பெண்ணின் வயிறு இளஞ்சிவப்பாகி உருண்டு வந்தால் தயார்.

தயாரான பிறகும் இடவில்லை என்றால் மழை வரவில்லை என்று பொருள். இவை மழைக்காலத்தில் ஆறு குளிர்ந்து பெருகும்போது முட்டையிடும் மீன்கள். வீட்டில் ஆண்டு முழுக்க ஒரே சூடு, மழை என்பதே அவற்றுக்குத் தெரியாது. நாம் மழையை உண்டாக்க வேண்டும்:

1. ஒரு வாரம் தண்ணீர் மாற்றாமல், மட்டத்தைச் சற்று இறங்க விடுங்கள். அம்மோனியா ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
2. மாலையில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, தொட்டியை விட 6 டிகிரி குளிர்ந்த, குளோரின் நீக்கிய தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். மொத்தம் 3 டிகிரி இறங்கும். வாளியில் ஐஸ் பாட்டில் போட்டுத் தெர்மாமீட்டரில் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.
3. ஃபில்டர் ஓட்டத்தைக் கூட்டுங்கள், ஏர் ஸ்டோன் ஒன்று சேருங்கள்.
4. 2 நாள் விட்டு மறுபடி. மூன்று முறை செய்தும் ஒன்றுமில்லை என்றால் 3 வாரம் ஓய்வு கொடுத்துத் தீனியிலிருந்து தொடங்குங்கள்.

ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடி மழை கொட்டும் நாட்களில் செய்தால் பலன் அதிகம். வெளியே காற்றழுத்தம் இறங்கும் நேரத்தைப் பலரும் இதற்கென்றே காத்திருந்து பயன்படுத்துகிறார்கள். மறுநாள் விடியலில் ஆண்கள் ஒரு பெண்ணைத் துரத்துவதும், பெண் ஆணின் வயிற்றில் வாயை ஒட்டி ஆங்கில 'T' எழுத்து மாதிரி நிற்பதும் தெரிந்தால் விளக்கைப் போடாதீர்கள், பக்கத்தில் போகாதீர்கள். பெண் வயிற்றுத் துடுப்புகளுக்கு நடுவே ஒன்றிரண்டு முட்டையாகத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டும். இது மணிக்கணக்கில் நடக்கும்.

## முட்டை வெள்ளையாகிப் பஞ்சு பிடிக்கிறது

எப்போது வெள்ளையானது என்பதில்தான் விடை இருக்கிறது.

முதல் 24 மணி நேரத்தில் பெரும்பாலானவை வெள்ளை: கருவுறவே இல்லை. ஆண் போதவில்லை, அல்லது ஆண் இளசு, அல்லது முட்டையிடும் நேரத்தில் ஓட்டம் மிக வேகம். அடுத்த முறை ஆணைக் கூட்டுங்கள்.

முதலில் பழுப்பாகி, பிறகு ஒவ்வொன்றாக வெள்ளை: பூஞ்சை. கெட்ட முட்டை பக்கத்து முட்டைக்குத் தொற்ற வைக்கிறது. இட்டுச் சில மணி நேரம் கழித்து முட்டை கெட்டியானதும் விரலால் உருட்டி எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் 2 லிட்டர்ப் பாத்திரத்தில் பரப்புங்கள். தொட்டித் தண்ணீரே ஊற்றுங்கள். 1 சதவீத மெத்திலின் ப்ளூ லிட்டருக்கு 2 முதல் 4 சொட்டு, அல்லது ஒரு காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலைத் துண்டு. ஏர் ஸ்டோன் முட்டைக்கு அருகில், ஆனால் குமிழி முட்டை மேல் படக் கூடாது. பாத்திரத்தைத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டால் சூடு மாறாது. தினமும் காலை மாலை வெள்ளையானவற்றைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். இதை ஒரு நாள் விட்டாலும் அடுத்த நாள் இரட்டிப்பாகும்.

உள்ளே கண் தெரிகிறது, ஆனால் பொரிக்காமல் செத்துப் போகிறது: தண்ணீர் கடினம், ஓடு உடையவில்லை. சுண்ணாம்புக் கல்லை எடுங்கள், கிணற்றுத் தண்ணீரில் பாதிக்கு மழைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். மழை தொடங்கிய முதல் அரை மணித் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், கூரை அழுக்கும் இலைக் குப்பையும் அதில்தான் வரும்.

26 டிகிரியில் 3 முதல் 5 நாளில் பொரியும். 30-க்கு மேல் போனால் பூஞ்சைதான் முந்திக்கொள்ளும்.

## குஞ்சு பொரிக்கிறது, 2 வாரத்தில் சாகிறது

முதல் 2, 3 நாள் வயிற்றில் உள்ள மஞ்சள் கருவைத் தின்றே வாழும், எதுவும் போடாதீர்கள். அந்த நாட்களில் போட்ட தீனிதான் பலரின் குஞ்சைக் கொன்றது.

4-ஆம் நாள் முதல் மைக்ரோவார்ம் (நுண்புழு), அல்லது அன்று பொரித்த ஆர்டீமியா (உப்புநீர் இறால் குஞ்சு). லிட்டருக்கு 25 கிராம் அயோடின் இல்லாத உப்பு, பலமான காற்று, வெளிச்சம்: நம் அறைச் சூட்டில் ஹீட்டர் இல்லாமலே ஆர்டீமியா 24 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். மெல்லிய வலையில் வடிகட்டி நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். நல்ல தண்ணீரில் அது சில மணி நேரமே உயிரோடு இருக்கும். மைக்ரோவார்ம் தரையில் ஒரு நாள் வரை நெளியும், தரையில் மேயும் கோரிக் குஞ்சுக்கு அதனால் மிகப் பொருத்தம்.

ஆர்டீமியா கொடுத்த பிறகு குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரிகிறதா? ஆம் என்றால் தீனி சரி, தரையைப் பாருங்கள். விரலால் தொட்டால் வழவழப்பாக ஒரு படலம் இருந்தால் அதுதான் கொல்லுகிறது. பஞ்சால் துடைத்து, தினமும் 30 சதவீதத் தண்ணீர் மாற்றுங்கள். சூடு ஒரு டிகிரிக்கு மேல் மாறக் கூடாது. வயிறு ஆரஞ்சாக இல்லை என்றால் தீனி போய்ச் சேரவில்லை. தண்ணீர் மட்டத்தை 10 செ.மீ.க்கு இறக்குங்கள், குறைவாக, நாளைக்கு 4 முறை போடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் தவிர வேறு எதையும் குஞ்சுத் தொட்டியில் ஓட்டாதீர்கள், உறிஞ்சிவிடும்.

ஒரு மாதம் ஆனதும் 40 லிட்டருக்கு 50 குஞ்சுக்கு மேல் வைத்தால் வளர்ச்சி நின்றுபோகும்.

## பிரிஸ்டல்நோஸ் ஆண் முட்டையைக் குகைக்கு வெளியே தள்ளுகிறது

முதல் ஈடு என்றால் விட்டுவிடுங்கள். பழகாத ஆண் இரண்டு மூன்று முறை அப்படித்தான் செய்யும்.

அதன் பிறகும் தொடர்ந்தால் குகையை அளந்து பாருங்கள். ஆணின் உடம்பு நுழைந்து சற்றே இடம் மீற வேண்டும், அவ்வளவுதான். 10 செ.மீ. ஆணுக்கு 4 முதல் 5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம், ஒரு முனை அடைத்திருக்க வேண்டும். இரு பக்கமும் திறந்த குழாயில் முட்டை நிற்காது. ஹார்ட்வேர் கடையில் 40 மி.மீ. பிவிசி பைப்பை 15 செ.மீ.க்கு வெட்டி ஒரு மூடி போட்டால் வேலை முடிந்தது. உள்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். மூங்கில் கணுவும் நன்றாக வேலை செய்யும், ஒரு வாரம் ஊற வைத்த பிறகு போடுங்கள். ஒவ்வோர் ஆணுக்கும் இரண்டு குகை, வாசல்கள் ஒன்றையொன்று பார்க்காமல் வையுங்கள்.

குகை சரி என்றால் சூட்டையும் காற்றையும் பாருங்கள். 30 டிகிரியில் ஆண் எவ்வளவு விசிறினாலும் முட்டைக்கு ஆக்சிஜன் போதாது. இன்னோர் ஆண் அதே தொட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வெளியே விழுந்த ஆரஞ்சு முட்டையை வலைப்பெட்டியில் இட்டு, ஏர் ஸ்டோனை அடியில் வைத்து முட்டை லேசாக அசையும்படி செய்யுங்கள். 4 முதல் 7 நாளில் பொரியும். அடுத்த ஒரு வாரம் மஞ்சள் கருவைச் சுமந்துகொண்டு கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும். பிறகு வெந்த பூசணி, சர்க்கரைவள்ளி, வெள்ளரி. கங்கோங் கீரை கொடுப்பதானால் பலமுறை கழுவி 3 நிமிடம் வேக வையுங்கள், பூச்சி மருந்து ஒட்டியிருக்கும். 12 மணி நேரத்துக்கு மேல் காயைத் தொட்டியில் விடாதீர்கள்.

சொறிந்து தின்ன மரக்கட்டை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். நன்கு காய்ந்த கொய்யாக் கட்டை சிறந்தது. ரப்பர் கட்டை ஊரெல்லாம் கிடைக்கிறது என்று போடாதீர்கள். பச்சைக் கட்டை விரைவில் பூஞ்சை பிடித்து உளுக்கும், தளவாடத்துக்கு அறுத்த கட்டையில் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள்.

### ஆண் பெண்ணே தெரியவில்லை, 2 ஆண்டாகக் குஞ்சு இல்லை, மீன் மட்டும் பெரிதாகிறது

முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணுங்கள். முதல் முள்ளுக்குப் பின்னால் 7 என்றால் பெரும்பாலும் பிரிஸ்டல்நோஸ். ஆணுக்கு நெற்றி வரை மீசைக் கிளைகள் இருக்கும், பெண்ணுக்கு மூக்கு ஓரத்தில் சிறிதாக இருக்கும் அல்லது இருக்காது. 10 அல்லது அதற்கு மேல் என்றால் உங்களிடம் இருப்பது சாதாரணச் சக்கர் மீன், மலாய்க்காரர்கள் ஈக்கான் பண்டாராயா என்பது. அது ஓர் அடிக்கு மேல் வளரும். ஆற்றங்கரையில் வளை தோண்டி முட்டையிடும் இனம், வீட்டுத் தொட்டியில் குஞ்சு எடுக்க முடியாது.

## வயிறு உப்பியிருக்கிறது

இரண்டு நாள் பட்டினி போடுங்கள், பிறகு வெந்த காய் மட்டும். புழு அதிகம் தின்ற பிரிஸ்டல்நோஸுக்கு இது வழக்கம். ஒரு வாரத்தில் வற்றாமல், கண்ணும் பிதுங்கினால் தனித்தொட்டிக்கு மாற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

## குஞ்சு அதிகமாகிவிட்டது, கடையில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்

4 செ.மீ. ஆகும் முன் கொண்டு போனால் எந்தக் கடையும் தயங்கும். பொறுத்திருந்து, 10 பத்தாகப் பிரித்து, வேறு வேறு ஊர்க் கடைகளில் கேளுங்கள். மற்ற வளர்ப்பவர்களோடு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது, இரத்தமும் மாறும்.

எது நடந்தாலும் வாய்க்காலிலோ ஆற்றிலோ விடாதீர்கள். ஈக்கான் பண்டாராயா இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் கரையைக் குடைந்துகொண்டு கிடப்பது, யாரோ வீட்டுத் தொட்டியில் இடம் போதாமல் கொட்டியதால்தான். பிரிஸ்டல்நோஸும் நம் ஆற்று மீனல்ல. விற்க முடியாத அளவுக்குப் போகிறது என்றால் குகைகளைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். கோரி முட்டையைக் கண்ணாடியில் பார்த்த அன்றே துடைத்துவிடுங்கள். குகை இல்லாத தொட்டியில் பிரிஸ்டல்நோஸ் முட்டையிடுவது மிக அரிது, ஆணையும் தனியே பிரித்தால் அதுவும் நின்றுபோகும்.